மகள் வீட்டில் மாமனார்

என் மாமனார் யாருக்கும் பயப்படாத மனுஷன். பட்டாசு ஆபீஸில், தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். எம். புதுப்பட்டிப் பக்கம் உயிரைப் பணயம் வைக்கிற அந்த வேலை பார்க்கிறவர்களிடம் ஃபோர்மேன்கூடக் கொஞ்சம் தணிந்துதான் பேசுவார். இவரிடம் யாராவது சத்தம் போட்டால், அதைவிடப் பெரிய சத்தம் போடுவார். வீட்டிலும் அதே குணம்தான். சோறு குழைந்துபோனால் தட்டு வாசலுக்குப் பறக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் வீட்டில் நான் நீட்டிய காபி டம்ளரை வாங்குவதற்கு முன்னால் தன் மகளின் முகத்தைப் பார்த்தார். குடிக்கலாமா என்று கேட்கிற பார்வை. மகள் லேசாகத் தலையாட்டினார். அதற்கப்புறம்தான் அவர் கை நீண்டது.

அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்கு முதலில் தோன்றியது அந்த நேரத்தில்தான்.

மாமியார் இறந்த பிறகு மாமா திருத்தங்கலில் எங்களோடுதான் இருந்தார். நான் ஒரு அச்சாபீஸில் பைண்டிங் பிரிவில் இருக்கிறேன், காலண்டர் வேலை. என் வீட்டுக்காரர் பட்டாசு லோடு ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார். சீசன் வந்துவிட்டால் இரண்டு பேருமே வீட்டில் இருக்கமாட்டோம். அப்படி ஒரு நாள் மாமா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்து, வாக்கர் பிடித்து நடக்கிற அளவுக்குத் தேறி வந்தார். ஆனால் பகலில் அவரைத் தனியாக விட எங்களுக்குப் பயம். வேலையை விட்டுவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மதினி வந்தார்.

மதினி என்பது என் வீட்டுக்காரரின் அக்கா. கணவர் இறந்துவிட்டார். ஒரே பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். விருதுநகருக்கு வெளியே சூலக்கரைப் பக்கம் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை.

"எங்கப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்லே. மெஸ் வேலைக்கு இனிப் போகலை. பெத்த மக நான் இருக்கும்போது அவரு எதுக்கு இங்கன தனியா கெடந்து கஷ்டப்படணும்?" என்று தம்பியிடம் சொன்னார்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் மெச்சினார்கள். மருமகள் பார்ப்பதற்கும் மகள் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. மாமாவின் வேட்டி சட்டைகளை மடித்துப் பையில் வைத்தேன். அவரும் சந்தோஷமாகத்தான் போனார். வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எம் மக சமையலு எங்கம்மா சமையல் மாதிரி இருக்கும் தாயி" என்றார்.

நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை அரிசி, பருப்பு, மாமாவுக்கு மாத்திரை எல்லாம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து வந்தோம். வருகிறோம் என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுவோம். போனால் வீடு பெருக்கித் துடைத்து இருக்கும். மாமா வெள்ளைப் பனியன் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்தால் மனசு குளிர்ந்துவிடும். "அக்கா கைல அப்பா ராஜா மாதிரி இருக்காரு" என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்.

காபிக்கு முகம் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு மற்றவையும் கண்ணில் பட ஆரம்பித்தன.

எங்கள் வீட்டில் இருந்தபோது மாமா ஓயாமல் போன் பேசுவார். நான் வேலையில் இருக்கும்போதே கூப்பிட்டு, "மழ வார மாதிரி இருக்கு, கொடில கெடக்கிற துணிய என்ன செய்ய?" என்பார். மகள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாளில் அந்த போன் வருவது நின்றுவிட்டது. கேட்டதற்கு, "போன் ரிப்பேரு. சரி பண்ணக் குடுத்திருக்கேன்" என்றார் மதினி. அடுத்த மாதமும் ரிப்பேர். அதற்கடுத்த மாதம் நானே எங்கள் பழைய போனை எடுத்துக்கொண்டு போனேன். "எதுக்கு புள்ள? அவருக்குக் காதே கேக்க மாட்டேங்கி" என்று சிரித்துக்கொண்டே வாங்கி அலமாரியில் வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசியதெல்லாம் மாமாவுக்கு நன்றாகக் கேட்டது.

ஆள் இளைத்துக்கொண்டே போனார். வயசாகிவிட்டது என்றார் மதினி. அது உண்மையாகவும் இருக்கலாம். வாக்கரைக் காணவில்லை, பரணில் கிடந்தது. "எந்திரிச்சு நடந்து மறுபடியும் விழுந்து தொலைச்சாருன்னா நான் எங்கன போவேன்?" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. மாமாவின் மணிக்கட்டில் ஒரு கன்றிய தடம். "கட்டில்ல இடிச்சுக்கிட்டாரு." அடுத்த முறை அது மஞ்சளாகிப் பக்கத்தில் புதிதாக ஒன்று.

தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது. கேள்வியை மாமாவிடம் கேட்டால் பதில் மதினியிடமிருந்து வந்தது. அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "நல்லாத் தூங்குறீகளா மாமா?" என்று நான் கேட்பேன். "நல்லாத் தூங்குறாரு" என்று மதினி சொல்வார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் திரும்பி வரும்போது வேனில் வைத்து என் வீட்டுக்காரரிடம் மெல்லச் சொன்னேன்.

"மாமா பயப்படுற மாதிரி இருக்குங்க."

"யாருக்கு?"

"மதினிக்கு."

வேனை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். "எங்கக்காவையா சொல்ற? அவ எங்கப்பாவுக்கு மலம் அள்ளுறா. நீ அள்ளுனியா? அவளுக்கு நல்ல பேரு வருதுன்னு ஒனக்குப் பொறுக்கலை."

ஒரு மருமகள் நாத்தனாரைப் பற்றி இப்படிச் சொன்னால் அதற்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான் உண்டு. அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் பைண்டிங்கில் என் எதிரே உட்கார்ந்து காலண்டருக்குத் தகடு அடிக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, "நீ எப்பவும் சொல்லிட்டுத்தான போற? ஒருநாள் சொல்லாமப் போயேன். ஒண்ணுமில்லைன்னா ஒம் மனசுக்கு ஆறுதலாப் போகும்" என்றார்.

புரட்டாசி மாதம், ஒரு புதன்கிழமை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு விருதுநகர் பஸ் ஏறினேன். ஒண்ணுமில்லை என்று ஆகிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன். பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துச் சூலக்கரைப் பக்கம் இறங்கி நடந்தபோது உச்சி வெயில்.

கதவில் வெளிப்பூட்டு தொங்கியது.

ஒருவேளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார் என்று நினைத்தேன். அப்படியே திரும்பிப் போயிருப்பேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம். இருமலா, யாரையாவது கூப்பிடுகிறாரா என்று தெரியவில்லை. பக்கவாட்டுச் சந்துக்குள் போய் ஜன்னலைத் தள்ளினேன். உள்ளே கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கையை விட்டு அவிழ்த்தேன். வந்த வாடையில் ஒரு நிமிஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், ஒரு ரெக்ஸின் விரிப்பில் படுத்திருந்தார். மேலே பனியன் இல்லை. இடுப்பில் ஒரு துண்டு. நாங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலி சுவரோரமாகத் தள்ளிக் கிடந்தது.

"மாமா."

தலை திரும்பியது. என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். பயம்தான் வந்தது.

"நீ எதுக்கு வந்த தாயி? அவ பாத்தா ஏசுவா. போயிரு."

"மதினி எங்க மாமா?"

"வேலைக்கு."

"தெனமும் போறாகளா?"

மாமா வாசல் பக்கம் பார்த்தார்.

"சாப்டீகளா மாமா?"

"அவ வந்து குடுப்பா."

"தண்ணி?"

உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். "தண்ணி குடிச்சா நனைச்சுருவேன். நனைச்சா அவளுக்குக் கோவம் வருது."

பையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தேன். மூடியை இறுக்கிவிட்டு, ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்துக்கு உருட்டிவிட்டேன். அது உருண்டுபோய் அறையின் நடுவில் நின்றது. மாமா முழங்கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தார். கை எட்டுவதற்குச் சாண் அளவு இருக்கும்போது அவர் உடம்பு அப்படியே நின்றுவிட்டது. ஏன் நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு பார்த்தேன். ஒரு கிழிந்த சேலைத் துணி அவருடைய கணுக்காலிலிருந்து கட்டில் காலுக்குப் போயிருந்தது.

அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். வந்த பெண்ணிடம், "ஒரு கம்பு குடுங்கக்கா, நீளமா" என்றேன். அவர் ஒட்டடைக் கம்பை எடுத்துவந்து என்னோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சத்தம் கேக்கும்மா. வயசானவுக, பொலம்புறாகன்னு நெனச்சேன். அந்தக்கா அப்பாவ நல்லாப் பாத்துக்கிறதாத்தான் எங்ககிட்டச் சொல்லும்" என்றார்.

கம்பால் பாட்டிலை மெல்லத் தள்ளினேன். மாமா அதை எடுத்து, மூடியைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்துத் திறந்து குடித்தார். பாதிக்குமேல் மார்பில் வழிந்தது. வழிந்ததைத் துண்டால் அவசர அவசரமாகத் துடைத்தார். குடித்து முடித்ததும் செய்ததுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. காலி பாட்டிலை என் பக்கம் உருட்டிவிட்டார்.

"இத எடுத்துட்டுப் போயிரு தாயி. இங்கன கெடந்தா கண்டுபிடிச்சுருவா."

என் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். "ஒடனே மதினி வீட்டுக்கு வாங்க. இப்ப என்கிட்ட ஒண்ணும் கேக்காதீக" என்று மட்டும் சொன்னேன். என் குரலில் என்ன கேட்டதோ, மறு பேச்சுப் பேசாமல் வைத்துவிட்டார்.

அவருக்கு முன்னால் மதினிதான் வந்தார். கையில் தூக்குவாளி. சந்தில் என்னைப் பார்த்ததும் நின்றார். ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்தார். பூட்டைத் திறந்து உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

நான் போய் முதலில் மாமாவின் காலைத்தான் பிடித்தேன். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. தோல் உரிந்து துணியோடு ஒட்டியிருந்தது.

"என்ன மதினி இது?"

மதினி தூக்குவாளியைக் கீழே வைத்தார். அவர் மறுப்பார், சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அவுத்துவிட்டா தவந்து தவந்து வாசலுக்குப் போயிருதாரு. ஒருநாள் கேஸ் அடுப்பத் திருகி விட்டுட்டாரு. நான் வேலைக்குப் போகாம எப்படி புள்ள இருக்க? வேலையை விட்டுட்டேன்னு ஒங்ககிட்டச் சொன்னேன். விட்டுட்டு எதைத் திங்க?"

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்ல. கூட்டிட்டுப் போயிருப்போம்ல."

"சொன்னா எல்லாரும் என்ன சொல்வீக? பெத்த மகளாலயே முடியலைன்னு சொல்வீக."

"தண்ணிகூடவா மதினி குடுக்க முடியாது?"

அந்தக் கேள்விக்கு அவர் முகம் மாறியது. எழுந்து முழங்காலில் நின்றுகொண்டு மாமாவை நோக்கி விரலை நீட்டினார்.

"அவரக் கேளு. எனக்கு ஒம்பது வயசு. விடியிறதுக்கு முன்னாடி தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும். தூங்குற பிள்ளையத் தூக்கி வண்டியில போட்டுருவாரு. பகல் பூரா தீக்குச்சியக் கட்டையில அடுக்கணும். ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா கணக்குப்பிள்ளை ஏசுவாருன்னு காலைலருந்து தண்ணி குடிக்க மாட்டேன். அடக்கி அடக்கி அடிவயிறு வலிக்குன்னு இவருகிட்ட வந்து அழுதேன். என்ன செஞ்சாரு தெரியுமா? பெல்ட்ட எடுத்தாரு. பள்ளிக்கூடம் போறேன்னேன். அதுக்கும் அடி. தம்பி மட்டும் படிச்சான். நான் அப்படிக் கெடந்தேன்ல? இவரு கெடந்தா என்ன?"

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

மதினி சொன்னது பொய்யில்லை. எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அவர் வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு அந்த வண்டியின் ஹாரன் சத்தம் நினைவிருக்கும். என் அம்மாவும் அந்த வண்டியில் போனவர்தான். அந்த ஒன்பது வயதுப் பிள்ளையை என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. ஆனால் என் கையில் இருந்தது ஒரு கிழவரின் கணுக்கால். அதில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு இந்த முடிச்சை நான் அப்படியே விட்டுவிட முடியுமா? அரிவாள்மனையை எடுத்து வந்து துணியை அறுத்தேன்.

என் வீட்டுக்காரர் பைக்கில் வந்து இறங்கியபோது வாசலில் அடுத்த வீட்டுக்காரர்கள் கூடி நின்றார்கள். உள்ளே வந்து அப்பாவைப் பார்த்தார். அறுந்த துணியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "அக்கா" என்றார். குனிந்து அப்பாவைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். தூக்கியதும் என் வீட்டுக்காரர் முகம் கோணியது. கனமே இல்லை என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். உடம்பில் நீர்ச்சத்தே இல்லை என்றார் டாக்டரம்மா. முதுகுக்குக் கீழே, ஆபரேஷன் செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புண். எலும்பு தெரிந்தது. அதை ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியில் உட்கார வைத்து மதினி மறைத்திருக்கிறார். நாங்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் அந்தப் புண்ணின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மாமாவிடம் தனியாகக் கேட்டார். பிறகு சமூகநலத் துறையிலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்தார். அவரும் எங்களை வெளியே அனுப்பிவிட்டு ரொம்ப நேரம் பேசினார். மாமா இரண்டு பேரிடமும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார். கீழே விழுந்துட்டேன். எம் மக நல்லவ.

"கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம். அதுக்குச் சட்டம் இருக்கு. ஆனா இவரு வாயத் திறந்து சொல்லணும், இல்ல நீங்க குடுக்கணும்" என்றார் அந்த அம்மா.

நான் கொடுக்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் சொன்னது மாமாவின் காதில் விழுந்துவிட்டது. டிரிப்ஸ் ஏறுகிற கையாலேயே என் சேலை முந்தானையைப் பிடித்தார்.

"அவளப் போலீஸு கீலீஸுன்னு இழுத்தீகன்னா நான் மாத்திரை சாப்பிட மாட்டேன். ஏலே, ஒம் பொண்டாட்டிட்ட சொல்லு."

அந்த அம்மா என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இப்படித்தாம்மா பாதிப் பேரு சொல்றாங்க. பெத்த பிள்ளையக் காட்டிக்குடுக்க மாட்டாங்க. அவரு சொல்லலைங்கிறதால ஒண்ணும் நடக்கலைன்னு ஆகாது. எது எப்படியோ, அந்த வீட்டுக்குத் திரும்ப அனுப்பிறாதீங்க. அந்தப் பொண்ணு வந்தாலும் இவர்கூடத் தனியா விடாதீங்க" என்றார்.

மனு கொடுக்கவில்லை. அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. மாமா மாத்திரை சாப்பிட மாட்டேன் என்று சொன்னால் செய்யக்கூடியவர் என்பது மட்டும் தெரியும்.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நான் அச்சாபீஸுக்குப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே அட்டைப் பெட்டி ஒட்டுகிற வேலையை வாங்கிக்கொண்டேன். சொந்தக்காரர்களுக்குள் பேச்சு வேறு மாதிரிப் போனது. அக்கா தம்பியைப் பிரித்தவள் என்றார்கள். ஜன்னல் வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்த்தாளாமே என்று ஒரு கல்யாண வீட்டில் பந்தியிலேயே ஒருவர் கேட்டார். ஆமாம், பார்த்தேன், நீங்களும் ஒரு தடவை பார்த்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு இலையை மூடினேன்.

மாமாவை வீட்டில் வைத்துப் பார்க்கிறபோதுதான் அங்கே அவர் எப்படி இருந்தார் என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. தட்டில் இட்லி வைத்தால் ஒன்றை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். தண்ணீர் கொடுத்தால், "இப்பக் குடிக்கலாமா?" என்று கேட்பார். படுக்கை நனைந்துவிட்டால் இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் துணியை மாற்றாமல் அப்படியே அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, நான் அடிக்க மாட்டேன் மாமா. நனைஞ்சா துவைச்சுக்கிறலாம். வேற துணி இருக்கு."

கையை எடுக்க ரொம்ப நேரமானது. எடுத்த பிறகு, "ஒனக்கு வேலைதான் தாயி" என்றார்.

தட்டைப் பறக்கவிட்ட மனுஷன். எனக்கு அந்தப் பழைய சத்தம் மறுபடியும் கேட்காதா என்று இருந்தது. ஒரு நாளாவது ரசத்தில் உப்பில்லை என்று என்னை ஏசினால் நன்றாக இருக்கும் என்று வேண்டுமென்றே உப்பைக் குறைத்துக்கூடப் போட்டேன். அமைதியாகக் குடித்துவிட்டு நல்லாருக்கு தாயி என்றார்.

ஒருநாள் பகலில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அவராகவே பேசினார்.

"அந்த வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான். அவ கட்டில் காலக் கட்டிப் பிடிச்சுக்கிடுவா. நான் வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுப்பேன்."

நான் பசைத் தூரிகையைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் அனுப்புனோம். ஆனா எல்லாரும் அடிக்கலை. நான் அடிச்சேன்."

"அதுக்காக அவுக செஞ்சது சரியாப் போயிருமா மாமா?"

கணுக்காலைத் தடவிக்கொண்டார். "எனக்கு வலிச்சுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வலித்தது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அந்த ஒரே முறைதான்.

புண் ஆறவில்லை. நர்ஸம்மா வந்து கட்டு மாற்றிப் போனார். மேலே மூடுகிற மாதிரி இருக்கும், உள்ளே சீழ் பிடிக்கும். ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் காய்ச்சல் வர ஆரம்பித்தது. மார்கழியில் ஒரு காலையில், கஞ்சியை ஆற்றிக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே போய்விட்டார். புண்ணிலிருந்து ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். ஊருக்குள் வயசாகிச் செத்தார் என்றுதான் சொன்னார்கள். போஸ்டரிலும் இயற்கை எய்தினார் என்றுதான் அச்சடித்திருந்தார்கள்.

மதினி வந்தார். தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தார். பெண்கள் எல்லாரும் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார்கள். "பெத்த மகளுக்குத்தான தெரியும் அந்த வேதனை" என்றார் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே. மாமாவைக் குளிப்பாட்டும்போது என் வீட்டுக்காரர் யாரையும் கிட்டே விடவில்லை. முதுகுப் பக்கம் யார் கண்ணிலும் படாதபடி தானே தண்ணீர் ஊற்றினார். அக்காவுக்காக மறைத்தாரா அப்பாவுக்காக மறைத்தாரா தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம். சமையலுக்கு ஆள் வைத்திருந்தாலும் காய் நறுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவராக எழுந்து போய், கடைசியில் நானும் மதினியும் மட்டும் அடுப்படியில் இருந்தோம். பூசணிக்காயை நறுக்கிக்கொண்டிருந்த மதினி தலையைத் தூக்காமலே கேட்டார்.

"சாகுறதுக்கு முன்னாடி என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

நல்லதாக ஒன்றைச் சொல்லி முடித்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. காரிய வீடு. வெளியே சொந்தக்காரர்கள் நிறைந்திருக்கிறார்கள். ஆனால் இத்தனை மாதங்களாக எல்லாரும் எல்லாவற்றையும் மறைத்து மறைத்துத்தான் மாமா அந்த ரெக்ஸின் விரிப்பில் கிடந்தார்.

"ஒங்களப் பத்தித்தான் கேட்டுக்கிட்டே இருப்பாரு மதினி. மக சாப்பிட்டாளா, திருப்பூருலருந்து பேரன் பேசுனானான்னு கேப்பாரு. வண்டி வரும்போது நீங்க கட்டில் காலப் பிடிச்சுக்கிட்டதையும், அவரு ஒங்க வெரலப் பிரிச்சதையும் சொன்னாரு. அடிச்சேன்னு சொன்னாரு."

மதினியின் கை நின்றது.

"காய்ச்சல்ல கண்ணு மூடிக் கெடக்கும்போது வேற ஒண்ணும் சொல்வாரு. நனைக்க மாட்டேன், நனைக்க மாட்டேன், அவுத்துவிடும்மான்னு சொல்வாரு. கடைசி வாரம் பூரா அதத்தான் சொன்னாரு."

அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு மதினி எழுந்தார். கையைக் கழுவினார். முகத்தைக் கழுவினார். பின்வாசல் வழியாகத் தெருவில் இறங்கிப் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார். சாப்பிடவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் உள்ளே வந்து, "அக்கா எங்க?" என்றார்.

"போயிட்டாக. என்ன சொன்னேன்னு சாயங்காலம் சொல்றேன்" என்றேன்.

அவர் மதினி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, மிச்சப் பூசணிக்காயை நறுக்க ஆரம்பித்தார்.